இடது காலை முன்வைத்து ஏறிய படிகள்

இதை எழுத உட்கார்ந்து, உட்கார்ந்து, எழுந்து போன தடவைகளுக்குக் கணக்கே இல்லை. எழுத்துக்குப் பயந்து அல்ல. எட்டாவது வரை படித்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை விளக்கு பூஜையில் போற்றி வாசிக்கிறவள் நான்தான். பயந்தது வேறு ஒன்றுக்கு. தினமும் விளக்கேற்றுகிற ஒரு குடும்பப் பெண், அம்மன் சன்னிதிக்குள் இடது காலை முதலில் வைத்து நுழைந்தேன் என்று தன் கையாலேயே எழுதினால் படிக்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? அது ஒன்று. உடற்பயிற்சி செய்து எழுந்தேன் என்று எழுதினால் அம்மன் செய்ததைக் குறைத்த மாதிரி ஆகிவிடுமோ, அம்மன் செய்தாள் என்று மட்டும் எழுதினால் என் காலைப் பிடித்து மடக்கி நீட்டியவர்களை மறைத்த மாதிரி ஆகிவிடுமோ என்பது இன்னொன்று. இந்த இரண்டுக்கும் நடுவில் வருடங்கள் ஓடிவிட்டன. போன மாதம் ஒரு அம்மா கையில் மாவுக்கட்டோடு என் வீட்டுக்கு வந்தார். அவர் வந்து போன பிறகு இனிமேல் தள்ளிப்போடுவது பாவம் என்று தோன்றியதால் எழுதுகிறேன்.

நான் பிறந்தது குடியாத்தத்தில், லுங்கி நெய்கிற வீட்டில். வாழ்க்கைப்பட்டது ஆம்பூரில். என் வீட்டுக்காரருக்கு ஷூ கம்பெனியில் கட்டிங் வேலை. ஷூவின் மேல்பாகத்துக்கு அச்சு வைத்துத் தோலை வெட்டுகிற வேலை. பத்துப் பதினோரு வருடங்களுக்கு முன்னால், எழுபதுகளின் கடைசியில் எங்களுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. குழந்தை தவழ ஆரம்பித்த சமயத்தில் ஒரு நாள் காலையில் என் வலது கண் மங்கிவிட்டது. ஈரத்துணி வழியாகப் பார்க்கிற மாதிரி இருந்தது. கண்ணை அசைத்தால் வலி. எங்கள் தெரு அம்மனுக்கு வெள்ளியில் கண்மலர் சாத்துவதாக வேண்டிக்கொண்டேன். சில வாரத்தில் பார்வை திரும்பியது. கண்மலரும் சாத்தினேன். அத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தோம்.

அடுத்த வருடம் கால். வலது கால் மட்டும் முழங்கால் வரை தடித்த காலுறை போட்ட மாதிரி இருக்கும். செருப்பு கழன்று நடுத்தெருவில் கிடக்கும், நான் பாட்டுக்குப் போய்க்கொண்டிருப்பேன். பின்னால் வருகிறவர்கள் கூப்பிட்டுச் சொல்வார்கள். பெருவிரல் தரையில் இடறும். ஒரு குடம் தண்ணீர் எடுத்தால் நாள் முழுக்கக் கல் உடைத்த களைப்பு வரும். சிறுநீர் அவசரம் வந்தால் அடக்கவே முடியாது. இதையும் எழுதத்தான் வேண்டும். இதைச் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு வைத்தியமே பார்க்காமல் வீட்டுக்குள் கிடக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

ஒரு நாள் குழாயடியில் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு திரும்பினேன். வலது கால் வரவில்லை. குழந்தையோடு விழுந்தேன். அவள் நெற்றி கல்லில் பட்டுப் பிளந்தது. தையல் போட்டார்கள். அந்தத் தழும்பு இன்றைக்கும் அவள் புருவத்துக்கு மேல் இருக்கிறது.

செய்தி கேட்டுப் பேரணாம்பட்டிலிருந்து அக்கா வந்தாள். அக்கா என்றால் என் வீட்டுக்காரருடைய அண்ணன் மனைவி. அவர்களுக்குக் குழந்தை இல்லை. வந்தவள் முதலில் குழந்தையின் கட்டைப் பார்த்தாள், அப்புறம் என்னைப் பார்த்தாள்.

"பாப்பா கொஞ்ச நாள் என்கிட்ட இருக்கட்டும்" என்றாள்.

"வேணாம்க்கா. நான் பாத்துக்குவேன்."

"எங்க பாத்துக்குவே? உன்னையே ஒருத்தர் பாத்துக்கணும். நான் இன்னா புள்ளைய வித்துடவா போறேன்? நீ மொதல்ல எழுந்து நில்லு. தனியா பஸ் ஏறி பேரணாம்பட்டு வந்து உன் பொண்ண கூட்டிக்கினு போ. அன்னிக்கு நான் குறுக்க நின்னா ஏன்னு கேளு."

என் வீட்டுக்காரர் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். "அண்ணி சொல்றதுலயும் நியாயம் இருக்குது" என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. தையல் போடும்போது குழந்தையைப் பிடித்துக்கொண்டவர் அவர்தான்.

மத்தியானத்துக்குள் குழந்தையின் துணிகள் ஒரு பையில் ஏறிவிட்டன. ஒன்றரை வயதுக் குழந்தை, பஸ்ஸுக்குப் போகிற சந்தோஷத்தில் எனக்குக் கை ஆட்டிவிட்டுப் போனது. என்ன ஆனாலும் அந்தப் பஸ்ஸில் ஏறுவேன் என்று அன்றைக்கு விளக்குமுன் உட்கார்ந்து சொன்னேன். அழவில்லை. அழுதால் அதற்கும் களைப்பு வரும் என்று பயம்.

இது வாதம், சூடு காட்டினால் இறங்கும் என்றார்கள் எல்லோரும். எண்ணெய் காய்ச்சித் தடவினார்கள். நொச்சி இலை போட்டுக் கொதிக்க வைத்த தண்ணீரில் குளித்தேன். குளிக்கக் குளிக்கக் கால் மோசமாயிற்று. சூடு போதவில்லை போலிருக்கிறது என்றார்கள். எங்கள் பக்கத்தில் வாதக் காலுக்கு இன்னொரு வழி உண்டு. சித்திரை வெயிலில் பாலாற்று மணல் காயும்போது குழி தோண்டி, ஆளை இடுப்பு வரை புதைத்து வைப்பது. என்னையும் புதைத்தார்கள். கொஞ்ச நேரம் இதமாக இருந்தது. அப்புறம் இரண்டு காலும் எனக்கு இல்லாமலே போயின. குணமாகியிருந்த வலது கண் மறுபடியும் மங்கிற்று. எதிரில் நின்ற என் வீட்டுக்காரர் முகமும் மணலும் ஒரே நிறமாகத் தெரிந்தன. கத்தினேன். தோண்டி எடுத்து, மாட்டு வண்டியில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள்.

சாயங்காலம் வெயில் தாழ்ந்து, ஈரத்துண்டால் உடம்பைத் துடைத்துப் படுக்க வைத்தார்கள். கண் தெளிந்தது. காலும் பழையபடி அரைக்காலாகத் திரும்பி வந்தது. போய்ப் போய் வருகிறதே, இது ஏவல்தான் என்று தெருவில் பேச்சு கிளம்பிவிட்டது. பக்கத்து வீட்டு பாபி மட்டும் அதற்கு ஒப்பவில்லை. பாபி என்றால் உருதில் அண்ணி. அவர்கள் உருதும் தமிழும் கலந்து பேசுகிற குடும்பம். அவள் வீட்டுக்காரர் பஸ் ஸ்டாண்டில் சர்பத் கடை வைத்திருந்தார்.

"மந்திரிக்கிறது, தாயத்து, எல்லாம் அப்புறம் வச்சிக்கலாம்மா" என்றாள் பாபி. "மொதல்ல வேலூர் போ. இங்க குந்திக்கினு பேஜார் ஆவாதே."

வேலூர் ஆஸ்பத்திரியில் நரம்பு டாக்டர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். மணலில் புதைத்த கதையை என் வீட்டுக்காரர் தயங்கித் தயங்கிச் சொன்னபோது, டாக்டர் திட்டப்போகிறார் என்று நினைத்தோம். அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"சூட்டுல மங்கினது எந்தக் கண்ணு? முன்னாடி ஒரு தடவை போச்சே, அதே கண்ணா?"

"அதே கண்ணுதாங்க."

"குளிர்ந்ததும் திரும்பிடுச்சா?"

"சாயங்காலமே."

அவர் தலையை ஆட்டி எழுதிக்கொண்டார். முதுகில் ஊசி போட்டுத் தண்டுவட நீர் எடுத்துப் பார்த்தார்கள். சில வாரம் அங்கேயே படுக்கை. கடைசியில் நோயின் பெயரைச் சொன்னார்கள். மல்டிபிள் ஸ்க்லெரோசிஸ். எங்களுக்கு வாயில் நுழையவில்லை. டாக்டர் மேசை விளக்கின் ஒயரைத் தூக்கிக் காட்டினார்.

"இந்த ரப்பர் அங்கங்க உரிஞ்சி போனா கரண்ட் சரியா போகுமா? உங்க நரம்பு மேல இருக்கிற உறை அப்படி உரிஞ்சிருக்கு. உடம்பு சூடானா இன்னும் ஜாஸ்தி தடங்கல் ஆகும். அதான் மணல்ல கால் போச்சு. இது ஏவலும் இல்ல, தொத்துறதும் இல்ல."

"சரியாயிடுங்களா?" என்று கேட்டேன்.

"முழுசா போகும்னு நான் சொல்ல மாட்டேன். வரும், அடங்கும், மறுபடி வரலாம். ஆனா இருக்கிற பலத்தை வீணாக்காம எப்படி நடக்கிறதுன்னு கத்துக்கலாம். கீழ பிசியோதெரபிக்குப் போங்க."

கீழே ஒரு பெரிய கூடம். கண்ணாடி, பிடித்து நடக்க இரண்டு பக்கமும் கம்பி, தரையில் மெத்தைகள், ஏறி இறங்கப் பழக மரப்படிகள். என்னைப் பார்த்துக்கொண்டது என் வயதே இருக்கக்கூடிய ஒரு பெண். வீட்டில் நாங்கள் அவரை எக்ஸர்சைஸ் அம்மா என்றுதான் சொல்வோம். எடுத்ததும் காலைத் தொடவில்லை.

"உங்களுக்கு என்ன செய்ய முடியணும்?" என்று கேட்டார்.

"பஸ் ஏறணும்."

"எந்த ஊருக்கு?"

"பேரணாம்பட்டுக்கு."

"அங்க என்ன இருக்கு?"

"என் பொண்ணு இருக்குது."

"சரி. பஸ் படி எவ்வளவு உயரம்?" என்றார்.

தினமும் பார்க்கிற படிதான். உயரம் மட்டும் எங்கள் இரண்டு பேருக்கும் தெரியவில்லை. அந்த வாரக் கடைசியில் என் வீட்டுக்காரர் ஆம்பூர் பஸ் ஸ்டாண்டுக்குப் போய், ஒரு தோல் துண்டை நீட்டி, பேரணாம்பட்டு பஸ்ஸின் கீழ்ப்படியைத் தரையிலிருந்து அளந்து கத்தியால் கீறி வைத்துக்கொண்டார். கண்டக்டர் பார்த்துவிட்டு, "இன்னாய்யா, பஸ்ஸுக்கு சட்டை தைக்கப் போறியா? கழுத்தளவும் எடுத்துக்க" என்று சொன்னாராம். இவர் அதை என்னிடம் வந்து சொன்னபோது, நோய் வந்த பிறகு முதல் தடவையாக இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தோம்.

எக்ஸர்சைஸ் அம்மா அந்தத் தோல் துண்டைப் பார்த்து, "ரொம்ப உயரம்தான். அப்ப கீழேருந்து ஆரம்பிக்கலாம்" என்றார்.

படி ஏறுவதற்கு முன்னால் நிறைய இருந்தது. என் வலது கெண்டைச்சதை மரக்கட்டை போல இறுகிக் கிடந்தது. உட்கார்ந்து காலை நீட்டி, பாதத்தில் துண்டைச் சுற்றி மெதுவாக என் பக்கம் இழுத்துப் பிடிக்கச் சொன்னார். வெடுக்கென்று இழுத்தால் கால் துள்ளும். பொறுமையாகப் பிடித்தால் மெல்ல இளகிக் கொடுக்கும். அதை என் வீட்டுக்காரருக்கும் கற்றுக்கொடுத்தார். படுக்கையில் புரண்டு கையை ஊன்றி எழுவது, ஸ்டூலிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காருவது, கால்களைச் சேர்த்து வைத்து எதையும் பிடிக்காமல் நிற்பது, கண்ணாடியைப் பார்த்து இடுப்பைச் சாய்க்காமல் நடப்பது. பார்க்கிறவர்களுக்குக் குழந்தை விளையாட்டு மாதிரி இருக்கும். எனக்கு அது ஏர் உழுகிற வேலை.

எல்லாவற்றையும்விடக் கஷ்டம் ஒன்று இருந்தது. களைப்பு வருவதற்கு முன்னாலேயே நிறுத்தச் சொன்னார்.

"வேலை முடியாம உக்காந்தா எங்க வூட்ல சோம்பேறின்னுவாங்கம்மா" என்றேன்.

"சொல்றவங்களை என்கிட்ட அனுப்புங்க. களைச்சு விழுந்துட்டா அன்னைக்கு முழுக்கப் போச்சு. கொஞ்சம் செய்யுங்க, உக்காருங்க, மறுபடி கொஞ்சம் செய்யுங்க. காலைல வெயிலுக்கு முன்னாடி செய்யுங்க. கழுத்துல ஈரத்துண்டு போட்டுக்கோங்க. இனிமே சுடுதண்ணியும் வேணாம், மணலும் வேணாம்."

பெருவிரல் இடறுவதற்கு என் வீட்டுக்காரர் கம்பெனியில் கழிவாகப் போகிற மெத்தென்ற தோலில் ஒரு பட்டை செய்தார். முழங்காலுக்குக் கீழே ஒரு வளையம், அதிலிருந்து செருப்பின் முன்பக்கத்துக்கு ஒரு வார். நடக்கும்போது பாதத்தின் முன்பகுதியைத் தூக்கிக்கொடுக்கும். வளையம் இறுக்கமாக இருந்தால் ரத்த ஓட்டம் தடைபடும் என்று எக்ஸர்சைஸ் அம்மா இரண்டு தரம் பிரித்துத் தைக்க வைத்தார். மூன்றாவது தரம் சரியாக வந்தது. இவருக்கு அன்றைக்கு அப்படி ஒரு பெருமை.

அப்புறம் படி. அங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். மிகத் தாழ்ந்த மரப்படியின் முன்னால் நிற்க வைத்து, "இடது கால் முதல்ல" என்றார். சரி என்று சொல்லிவிட்டு வலது காலைத் தூக்கி வைத்தேன். முழங்கால் மடங்கியது. பிடித்துக்கொண்டார். "இடது" என்றார். மறுபடியும் வலதையே வைத்தேன். இப்படியே ஒரு வாரம் போயிற்று. எனக்கு இடது வலது குழப்பம் வந்துவிட்டதோ என்று நினைத்து, இடது காலில் சிவப்பு ரிப்பன் கட்டிப் பார்த்தார். ரிப்பன் கட்டாத காலைத்தான் தூக்கினேன்.

"ஏங்க, புரியலையா? இல்ல அந்தக் கால் வர மாட்டேங்குதா?"

சொல்ல வெட்கமாக இருந்தது. சொன்னேன். "வரும்மா. நான்தான் வைக்க மாட்டேங்கறேன். வலது காலை வச்சித்தான் இவரு வூட்டுக்குள்ள வந்தேன். கோயில் படியும் அப்படித்தான் மிதிப்பேன். என் புள்ளைய கூட்டியாரப் போற படியில இடது காலை வச்சி ஏறினா விளங்குமாம்மா?"

அவர் சிரிக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

"எங்க அம்மாவும் என்னை அப்படித்தான் வளர்த்தாங்க. ஆனா உங்க உடம்பு பாரத்தைத் தூக்குற பலம் இப்ப உங்க வலது காலுக்கு இல்ல. ஏறும்போது நல்ல கால்தான் தூக்கும். மத்தது கூட வரும். இறங்கும்போது பலமில்லாத கால் முதல்ல இறங்கணும், நல்ல கால் மேல நின்னு தாங்கிக்கும். அதனால வலதுக்கு உண்டான மரியாதையை இறங்கும்போது குடுத்துடுங்க."

அறிவுக்குப் புரிந்தது. கால் கேட்கவில்லை. அன்றைக்கு ஒரு தடவை இடது காலை வைத்து ஏறினேன். ஏறவும் முடிந்தது. ஆனால் மனது எச்சில் கையால் பூவைத் தொட்டுவிட்ட மாதிரி கூசிற்று. அடுத்த தடவை மறுபடியும் வலது.

ஆம்பூர் திரும்பினோம். கம்பெனிக்குத் தோல் வருகிற பெட்டிகளின் பலகைகளைக் கொண்டு என் வீட்டுக்காரர் வாசலில் ஒரு படி செய்தார். முதலில் ஒரு பலகை உயரம். அது பழகினால் மேலே இன்னொன்று வைத்து அறைந்துகொள்ளலாம். தோல் துண்டில் கீறிய உயரம் வரும் வரைக்கும் இப்படியே ஏற்றிக்கொண்டு போக வேண்டும். பாபி சர்பத் கடைக்கு வருகிற ஐஸில் ஒரு கட்டியை மரத்தூளோடு கொண்டுவந்து கொடுப்பாள். அதைத் துணியில் சுற்றித் தண்ணீரில் போட்டு, அந்தத் தண்ணீரில் துண்டை நனைத்துக் கழுத்தில் போட்டுக்கொள்வேன். பலகையின் முன்னால் நின்று நான் வலதையும் இடதையும் மாற்றி மாற்றித் தூக்குவதைப் பார்த்துவிட்டு ஒரு நாள் கேட்டாள்.

"இன்னாம்மா, எந்தக் கால்ன்னு சீட்டு போட்டுப் பாக்கிறியா?"

சொன்னேன். அவள் இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"எங்கள்லயும் அப்டித்தான். பள்ளிவாசலுக்குள்ள வலது கால். கக்கூஸுக்குள்ள இடது கால். பேரணாம்பட்டு பஸ்ஸுக்கு எந்தக் கால்ன்னு யாரும் எங்களுக்குச் சொல்லல. அந்தப் பஸ்ஸு நாத்தத்துக்கு இடது காலே ஜாஸ்தி."

சிரிப்பு அடங்கவே நேரம் ஆயிற்று. சிரித்துக்கொண்டே இடது காலை வைத்து ஏறிவிட்டேன். பஸ்தானே, கோயில் இல்லையே என்று மனதுக்கு ஒரு சமாதானம் கிடைத்தது. அன்றிலிருந்து பலகையில் இடதுதான். ஏறும்போது இடது, இறங்கும்போது வலது. வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்வேன்.

ஆனால் கோயில் பாக்கி இருந்தது. எங்கள் அம்மன் கோயிலுக்கு வாசலில் சில கல்படிகள். நோய் வந்த பிறகு நான் தெருவிலேயே நின்று கும்பிட்டுவிட்டு வருவேன். ஒரு வெள்ளிக்கிழமை, விடிந்தும் விடியாத வேளையில், படிக்கு முன்னால் நின்றேன். கோயிலுக்குள் தோலைக் கொண்டுபோகக் கூடாது என்று, அப்பா வீட்டு லுங்கித் துணியைக் கிழித்து அதே மாதிரி ஒரு பட்டை தைத்துப் பாதத்தில் கட்டியிருந்தேன். வலது காலைத் தூக்கினேன். அது நடுங்கியது. இறக்கிவிட்டேன்.

தாயே, வலது காலோட பலத்தை நீதான் எடுத்துக்கிட்டே. இருக்கிற காலைக் கொண்டு வர்றேன். தப்புன்னா என்னைத் தள்ளிவிடு என்று சொல்லிவிட்டு இடது காலை வைத்தேன். சுவரைப் பிடித்தபடி எல்லாப் படியும் ஏறினேன். அவள் தள்ளிவிடவில்லை. பூசாரி எப்போதும் போலக் குங்குமம் கொடுத்தார். பின்னால் வந்த ஒரு அம்மா மட்டும், "பாத்தியா, இடது காலை வச்சிப் போறா" என்று பக்கத்தில் சொன்னது கேட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பினால் விழுந்துவிடுவேன்.

இத்தோடு நேராகப் பஸ் ஏறிவிட்டேன் என்று நினைக்காதீர்கள். மழைக்காலத்தில் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் சூட்டில் கால் இரண்டும் போயிற்று. காய்ச்சல் விட்டும் வலது கால் முன்பிருந்த அளவுக்குத் திரும்பவில்லை. மறுபடி வேலூர், ஊசி, படுக்கை. ஆம்பூர் வந்தபோது தோல் துண்டின் கீறலைத் தொட ஒரு பலகை பாக்கியிருந்த படியின் முன்னால் நின்றேன். முதல் பலகை உயரத்துக்குக்கூடக் கால் எழவில்லை. என் வீட்டுக்காரர் ஆணிகளைப் பிடுங்கி, பலகைகளைக் கழற்றி, மறுபடியும் ஒற்றைப் பலகையாக வைத்தார். எக்ஸர்சைஸ் அம்மாவும் இதைத்தான் சொல்லியிருந்தார். "கீழ இறங்கினா வெக்கப்படாதீங்க. பலகைதானே, மறுபடி வச்சிக்கலாம்." ஆனால் ஆணி பிடுங்குகிற சத்தம் எனக்குள் எங்கேயோ கேட்டது. பொங்கலுக்குப் பேரணாம்பட்டிலிருந்து வந்த அக்காவின் வீட்டுக்காரர், பாப்பா நன்றாகப் பேசுகிறாள் என்றார். என்ன பேசுகிறாள் என்று நான் கேட்கவில்லை. அடுத்த நாள் காலையிலேயே பலகையின் முன்னால் நின்றேன்.

அதன் பிறகு இன்னும் ஒரு வெயில் காலம், ஒரு மழைக்காலம். தை மாதக் குளிரில் பலகைகள் தோல் துண்டின் கீறலைத் தொட்டன. விடியற்காலை முதல் பஸ்ஸுக்குப் போனேன். தனியாக வா என்று அக்கா சொல்லியிருந்ததால் என் வீட்டுக்காரரைக் கூட வர வேண்டாம் என்றேன். அவர் சர்பத் கடை மறைவில் நின்றுகொண்டிருந்தது எனக்குத் தெரியும்.

"ஏறும்மா, ஏறும்மா, சீக்கிரம்" என்றார் கண்டக்டர்.

"நான் ரெண்டு காலும் வச்சப்புறம் விசில் ஊது. அதுக்கு முன்னாடி ஊதினே, உன்னையும் டிரைவரையும் எங்க அம்மன் பாத்துக்குவா."

பஸ்ஸுக்குள் சிரித்தார்கள். கண்டக்டர் என் கால் பட்டையைப் பார்த்தார். "யம்மா, தோல் வச்சி பஸ்ஸ அளந்தாரே ஒருத்தர், அவரு வூட்டம்மாவா நீ?" என்றவர், முன்னால் திரும்பிக் கத்தினார். "அண்ணே, நிறுத்திப் புடி. இவங்க அளவெடுத்து வந்திருக்காங்க."

கம்பியைப் பிடித்தேன். இடது கால் ஏறியது. வலது பின்னால் வந்தது. பலகையில் பழகிய அதே உயரம்தான்.

பேரணாம்பட்டில் வலது காலை முதலில் வைத்து இறங்கினேன். ஊன்றுகோலோடு அக்கா வீட்டுக்கு நடந்தேன். வழியில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து இளைப்பாறி மறுபடி நடந்தேன். களைப்பு வருவதற்கு முன்னால் உட்காரக் கற்றிருந்ததால்தான் போய்ச் சேர்ந்தேன். அக்கா வாசலில் என் பெண்ணுக்குத் தலை சீவிக்கொண்டிருந்தாள். மூன்று வயது ஆகிவிட்டிருந்தது. என்னைப் பார்த்ததும் அவள் அக்காவின் முந்தானைக்குள் ஒளிந்துகொண்டாள்.

"அம்மா, ஆம்பூர் அம்மா வந்துட்டாங்க" என்றாள். முதல் அம்மா அக்கா. ஆம்பூர் அம்மா நான்; எங்கள் கல்யாணப் போட்டோவைக் காட்டி அக்கா சொல்லிக்கொடுத்திருந்த பெயர்.

அக்கா என் பின்னால் தெருவை எட்டிப் பார்த்தாள். யாரும் இல்லை. "தனியாவா வந்தே?" என்றாள். அவள் கையில் சீப்பு அப்படியே நின்றது. அப்புறம், "எங்க, பாப்பாவ இடுப்புல தூக்கு பாக்கலாம்" என்றாள்.

"தூக்க மாட்டேன்க்கா. தூக்கினா ரெண்டு பேரும் விழுவோம். அப்படித் தூக்கித்தானே அவ நெத்தி கிழிஞ்சுது? கையப் புடிச்சி நடத்திக்கினு போவேன். அவளுக்கு ரெண்டு நல்ல கால் இருக்குது."

அக்கா உள்ளே போய்விட்டாள். நான் வாசற்படியில் உட்கார்ந்தேன். குழந்தை மெதுவாக வந்து என் காலில் கட்டியிருந்த பட்டையைத் தொட்டுப் பார்த்தது. இது இன்னாது என்று கேட்டது. உங்கப்பா செஞ்சது என்றேன். உள்ளே பாத்திரம் வைக்கிற சத்தம் வந்தது. அக்கா வெளியே வந்தபோது ஒரு கையில் குழந்தையின் துணிப்பை இருந்தது. கண் சிவந்திருந்தது.

"சோறு தின்னுட்டுப் போங்க" என்றாள். "நான் சொன்ன பேச்சு மாற மாட்டேன்."

சாப்பிட்டு முடித்ததும் சொன்னேன். "அக்கா, நீயும் கிளம்பு. அவ தூங்கறப்போ உன்னத்தான் தேடுவா. எனக்குக் கால்தான் கொஞ்சம் வந்திருக்குது. புள்ள மனசு வர இன்னும் நாளாவும்."

அக்கா அப்போதுதான் வாய்விட்டு அழுதாள். வெயில் தாழும் வரை காத்திருந்தோம். மூன்று பேரும் ஒரே பஸ்ஸில் ஆம்பூர் வந்தோம். வீட்டு வாசலில் அக்கா வழக்கப்படி, "பாப்பா, வலது காலை வச்சிப் போ" என்றாள். பாப்பா வலது காலை வைத்தாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டே நான் இடது காலை வைத்து ஏறினேன். குழந்தை என் காலைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தது.

"ஆம்பூர் அம்மா தப்புக் கால வச்சிட்டாங்க."

"இல்லடி கண்ணு" என்றாள் அக்கா. "உங்கம்மாவுக்கு அதான் நல்ல கால்."

அக்கா மாசி முடியும் வரை எங்களோடு இருந்தாள். பிறகு பேரணாம்பட்டிலிருந்து அடிக்கடி வருவாள். என் பெண்ணுக்கு இன்றைக்கும் இரண்டு அம்மா. அவள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். என் கால்களை நீட்டி மடக்குவது காலையில் அவள் வேலை.

நோய் போகவில்லை. நடுவில் இரண்டு தடவை பெரிதாக வந்து போயிற்று. தூரமாகப் போனால் இப்போது சக்கர நாற்காலி. வீட்டுக்குள்ளும் கோயில் படியிலும் என் கால்தான். வாசல் பலகை இன்னும் இருக்கிறது.

மாவுக்கட்டோடு வந்த அம்மாவைப் பற்றிச் சொல்கிறேன். மேல்விஷாரம் பக்கத்திலிருந்து வந்தார். அவருக்கும் இதே நோய், ஆனால் இடது கால். ஆம்பூரில் ஒரு பொம்பளை எல்லாப் படியிலும் இடது காலை முதலில் வைத்தாளாம், நோய் ஓடிப்போச்சாம் என்று பஸ்ஸில் யாரோ சொல்லக் கேட்டு, வேலூருக்குப் போவதையே நிறுத்திவிட்டு, பலமில்லாத இடது காலை வைத்து ஏறி விழுந்து கையை உடைத்துக்கொண்டிருக்கிறார். அவரை என் பலகையின் முன்னால் நிறுத்தி, "உனக்கு வலது மொதல்ல, தாயி" என்று சொல்லிக்கொடுத்தேன். மறுபடி வேலூர் போகச் சொல்லி அனுப்பினேன். நான் எழுதாமல் இருந்ததால் ஊர் எழுதிக்கொண்டது.

அதனால் படிக்கிறவர்களிடம் கைகூப்பிக் கேட்கிறேன். இந்த நோய் இருக்கிற வீடு தெரிந்தால் இதை வாசித்துக் காட்டுங்கள். இருக்கிறபடியே வாசியுங்கள். ஏறும்போது பலமுள்ள கால், இறங்கும்போது பலமில்லாத கால், அது வலதோ இடதோ அவரவர் உடம்பைப் பொறுத்தது என்பதை மாற்றாதீர்கள். சூடு ஆகாது என்பதை விட்டுவிடாதீர்கள். எந்தப் பயிற்சி யாருக்கு என்பதைப் பார்த்துச் சொல்கிறவர்களிடம் போய்க் கேட்கச் சொல்லுங்கள். நோய் தீர்ந்துவிட்டது என்று சேர்க்க வேண்டாம். அம்மன் துணை இல்லை என்று எடுக்கவும் வேண்டாம். இரண்டு காலும் அவள் கொடுத்ததுதான்.